கல்லிலிருந்து தொடங்குவோம்: சமையல் கத்தியைத் தேர்ந்தெடுப்பதும் தீட்டுவதும், இடக்கையருக்கும் சேர்த்து

சமையல் கத்தி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் எஃகின் பெயரையும் அலகின் நீளத்தையும் கைப்பிடியின் அழகையும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். சில மாதங்களில் அந்தக் கத்தி மழுங்கும்போது அதை எதில், எப்படி, யார் தீட்டுவது என்ற கேள்வி வாங்கும் நேரத்தில் எழுவதே இல்லை. இந்த வரிசை தலைகீழானது என்பது என் உறுதியான எண்ணம். எவ்வளவு உயர்ந்த எஃகில் செய்த கத்தியும் ஒரு நாள் மழுங்கத்தான் செய்யும்; மழுங்கிப்போன உயர்ந்த கத்தியைவிட, நன்றாகத் தீட்டிய சாதாரணக் கத்தி எல்லா விதத்திலும் மேலானது. ஆகவே வீட்டில் நாம் உண்மையாகவே கடைப்பிடிக்கப் போகும் சாணை முறை எது என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு, அதற்கு இணங்கும் கத்தியைப் பிறகு தேடுவதே சரியான வழி. நான் இடக்கைப் பழக்கம் உள்ளவள். வலக்கையருக்கென்று சரிவு வைத்த கத்தியோடு நெடுநாள் மல்லுக்கட்டிய பிறகுதான், கத்தியின் வாய் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்து வாங்கக் கற்றுக்கொண்டேன். அதனால் அந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

கூர்மை என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் இரண்டு அளவுகள் அடங்கியிருக்கின்றன. அலகின் இரு பக்கச் சரிவுகளும் சந்திக்கும் வாய் எவ்வளவு நுண்ணியது என்பது ஒன்று. அந்த வாய்க்குச் சற்று மேலே அலகு எவ்வளவு தடித்திருக்கிறது என்பது மற்றொன்று. வாய் கூராக இருந்தும் மேற்பகுதி தடித்த கத்தியைக் கேரட்டில் இறக்கினால், பாதி வழியில் அது ஆப்பாக மாறிக் கேரட்டை வெட்டாமல் பிளந்துவிடும். வாங்கும்போது விரலால் வாயைத் தடவிப் பார்ப்பதில் பயன் குறைவு, ஏனென்றால் தொழிற்சாலை வைத்துக் கொடுத்த வாய் முதல் சாணையோடு போய்விடும். நுனியை அப்பால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, கைப்பிடிப் பக்கத்திலிருந்து, முதுகு முதல் வாய்வரை அலகு எப்படி மெலிந்து இறங்குகிறது என்று கவனித்தால், அந்தக் கத்தி காயில் எப்படி இறங்கும் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். எஃகின் பெயருக்குக் கொடுக்கும் மதிப்பில் பாதியையாவது இந்த மெலிவுக்குக் கொடுக்க வேண்டும்.

மென்மையான எஃகா, கடினமான எஃகா

கத்தி எஃகின் கடினத்தை ராக்வெல் சி என்ற அளவுகோலில் குறிப்பிடுகிறார்கள். ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துத் தயாரிப்புகளைப் போன்ற மேற்கத்தியக் கத்திகள் பெரும்பாலும் 54 முதல் 58 வரையிலான கடினம் கொண்டவை. அவற்றில் மிகப் பரவலாகப் பயன்படும், 1.4116 என்ற எண்ணால் அறியப்படும் எஃகில், கரி ஏறக்குறைய 0.5 சதவீதமும் குரோமியம் ஏறக்குறைய 15 சதவீதமும் இருக்கின்றன. ஜப்பானின் சாகாய், செகி போன்ற ஊர்களில் உருவாகும் கத்திகளில் பல 60-ஐத் தாண்டுகின்றன. அங்கே பெயர்பெற்ற விஜி-10 என்ற துருப்பிடிக்காத எஃகில் கரியின் அளவு சுமார் ஒரு சதவீதம், அதாவது முன்னதைப் போல இரு மடங்கு.

இந்த எண்களின் வேறுபாடு வெட்டுப் பலகையின் மேல் எப்படித் தெரியும் என்பதுதான் வாங்குபவருக்கு முக்கியம். மென்மையான எஃகின் வாய் அழுத்தத்தில் ஒரு பக்கமாக மடியும். கடினமான எஃகின் வாய் மடிய மறுத்து, எலும்பிலோ உறைந்த இறைச்சியிலோ பட்டால் நுண்ணிய சில்லுகளாகத் தெறிக்கும். மடிந்த வாயைத் தீட்டுக்கோலில் சில தடவை இழுத்து நிமிர்த்திவிடலாம், ஆனால் தெறித்த வாயைச் சொரசொரப்பான கல்லில் வைத்து, அந்தப் பள்ளம் மறையும் வரை முழு நீளத்துக்கும் உலோகத்தைத் தேய்த்து எடுத்தாக வேண்டும். மறுபக்கம், கடினமான எஃகு ஒவ்வொரு பக்கமும் 10 முதல் 15 டிகிரி வரையிலான மெல்லிய கோணத்தைத் தாங்கி நெடுநாள் கூர் காக்கும். மென்மையானதற்கு 15 முதல் 20 டிகிரி வரை கொடுத்தால்தான் வாய் நிற்கும். வீட்டில் பல கைகள் புழங்கும் கத்திக்கு, யாராவது அதை முறுக்கித் தூக்கவும் எலும்பில் இறக்கவும் வாய்ப்பிருக்கும் சமையலறைக்கு, நான் தயங்காமல் மென்மையான எஃகையே பரிந்துரைப்பேன். ஒருவர் மட்டும் கையாண்டு, அவரே கல்லில் தீட்டும் கத்திக்குக் கடினமான எஃகு தரும் மகிழ்ச்சி தனியானது.

துருப்பிடிக்கும் கரி எஃகா, துருப்பிடிக்காததா என்ற கேள்வியும் இதனோடு சேர்ந்தே வரும். குரோமியம் 10.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கும் எஃகைத்தான் துருப்பிடிக்காத எஃகு என்று வகைப்படுத்துகிறார்கள். அது முற்றாகத் துருவே பிடிக்காதது என்று பொருளல்ல, ஈரத்தில் நாள்கணக்கில் கிடந்தால் அதிலும் புள்ளி விழும். கரி எஃகு கல்லில் எளிதாகத் தேய்ந்து, விரைவில் நுண்ணிய வாயைக் கொடுக்கும். ஜப்பானில் வெள்ளைத் தாள் எஃகு, நீலத் தாள் எஃகு என்று சுற்றி வரும் தாளின் நிறத்தால் பெயர்பெற்ற இரண்டும் இந்த வகையைச் சேர்ந்தவை. வெள்ளையில் இரும்பும் கரியும் தவிர வேறு சேர்மானம் மிகக் குறைவு, நீலத்தில் குரோமியமும் டங்ஸ்டனும் கலந்திருப்பதால் தேய்மானத்தை அதிகம் தாங்கும். ஆனால் எலுமிச்சையோ தக்காளியோ வெட்டிவிட்டு அப்படியே வைத்தால் கரி எஃகில் கறை ஏறும். வெட்டி முடித்த உடனே துடைக்கும் பழக்கம் கையோடு ஒட்டியிருப்பவருக்கு இது ஒரு பொருட்டல்ல. அந்தப் பழக்கம் இல்லாதவர், நாளை வரும் என்று நம்பிக் கரி எஃகை வாங்கக் கூடாது.

சிர்கோனியாவில் செய்த பீங்கான் கத்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவை துருப்பிடிக்காது, எடை குறைவு, நெடுநாள் கூர் நிற்கும். ஆனால் கீழே விழுந்தால் உடையும், தீட்டுவதற்கு வைரத் துகள் கொண்ட கருவி வேண்டும். வீட்டில் எளிதாகத் தீட்ட முடியாத கத்தி என்பதால் என் தேர்வில் அவற்றுக்கு இடமில்லை.

நீளத்தைப் பொறுத்தவரை 20 செ.மீ. அளவுள்ள பொதுக் கத்தி ஒன்றும், 8 முதல் 10 செ.மீ. அளவுள்ள சிறு கத்தி ஒன்றும் பெரும்பாலான வேலைகளைத் தாங்கிவிடும். பெட்டி நிறையக் கத்திகளை ஒரே தொகுப்பாக வாங்குவதைவிட இந்த இரண்டுக்கும் கூடுதலாகச் செலவிட்டு, மிச்சத்தில் ஒரு நல்ல கல்லை வாங்கலாம். ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்க வேண்டும்: சில கத்திகளில் கைப்பிடியை ஒட்டித் தடித்த உலோகக் கழுத்து ஒன்று வாய்வரை இறங்கி நிற்கும். அது பார்க்கக் கம்பீரமாக இருந்தாலும், தீட்டும்போது அலகின் அடிப்பகுதி கல்லில் படிய விடாது. சில ஆண்டுகளில் வாய் தேய்ந்து உள்வாங்க, அந்தக் கழுத்து மட்டும் முட்டிக்கொண்டு நின்று, வெட்டுப் பலகையில் வாய் முழுதாகப் படியாமல் இடைவெளி விழும். கழுத்து பாதியிலேயே நின்றுவிடும் கத்தியோ கழுத்தே இல்லாத கத்தியோ இந்தத் தொல்லை தராது.

இடக்கையர் எதைப் பார்த்து வாங்க வேண்டும்

மனிதரில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இடக்கையர். எனினும் கத்தி செய்பவர்கள் வலக்கையை மனத்தில் வைத்தே செய்கிறார்கள் என்பது கத்தியை உற்றுப் பார்த்தால் மட்டுமே புலப்படும். கத்தியின் வாயை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும். இரு பக்கமும் ஒரே அளவு சரிவுள்ள வாய் முதல் வகை. அது எந்தக் கைக்கும் பொதுவானது. இப்படிப்பட்ட கத்தியை ‘இடக்கையருக்கானது’ என்று சொல்லி யாராவது கூடுதல் விலை கேட்டால், கைப்பிடியில் வேறுபாடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். அதுவும் இல்லாவிட்டால் அந்தக் கூடுதல் விலைக்குப் பொருளே இல்லை. இரண்டாவது, ஒரு பக்கச் சரிவு அகலமாகவும் மறுபக்கச் சரிவு குறுகலாகவும் இருக்கும் சமனற்ற வாய். மூன்றாவது, ஒரு பக்கம் மட்டும் சரிவு வைத்து, மறுபக்கம் தட்டையாகவோ சற்றே உட்குழிந்தோ இருக்கும் ஒருபக்க வாய். ஜப்பானிய மரபில் மீனை மெல்லிய துண்டுகளாக வெட்டும் யானகிபா, மீனை அறுத்துப் பிரிக்கும் தேபா, காய் நறுக்கும் உசுபா ஆகியவை இந்த மூன்றாம் வகை.

ஒருபக்க வாய் ஏன் கை மாறினால் முரண்டு பிடிக்கிறது என்பதற்குக் காரணம் எளிது. சரிவு இருக்கும் பக்கத்தில் பொருள் தள்ள, கத்தி தட்டையான பக்கத்தை நோக்கி விலகும். வலக்கையருக்கான கத்தியில் சரிவு வலப்பக்கம் இருக்கிறது. அறுபடும் துண்டு அந்தச் சரிவின் மேல் வளைந்து வலப்பக்கமாகக் கழன்று விழுகிறது, தட்டையான முகம் இடக்கை பிடித்திருக்கும் பெரிய துண்டை ஒட்டியே இறங்குகிறது. அதே கத்தியை இடக்கையில் எடுத்தால் எல்லாம் தலைகீழாகிறது. சரிவு பெரிய துண்டின் பக்கம் திரும்பிவிடுவதால் கத்தி வெளிப்பக்கமாக ஓடி, மேலே தடிமனாகத் தொடங்கும் துண்டு கீழே போகப் போக மெலிந்து மறைந்துவிடும். அறுபட்ட துண்டோ தட்டையான முகத்தில் ஒட்டிக்கொண்டு விழாது. எனக்கு விற்றவர் வாயைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாததால், துண்டுகள் கோணலாக வருவதற்கு என் கைதான் காரணம் என்று நினைத்துப் பல மாதங்கள் மணிக்கட்டை வளைத்து வளைத்துப் பழகினேன். பழக்கத்தால் சரிசெய்யக்கூடிய குறை அல்ல அது. கத்தியின் வடிவமே அப்படி. அன்று யாராவது இந்த ஒரு பத்தியை எனக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று இன்றும் தோன்றுகிறது.

ஒருபக்க வாயைத் தேய்த்து மறுபக்கத்துக்கு மாற்றலாமே என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது என்றே கொள்ள வேண்டும். அடுக்கு எஃகில் செய்த ஒருபக்கக் கத்தியில் கடினமான வெட்டும் எஃகு தட்டையான முகத்தின் பக்கமே வைக்கப்பட்டிருக்கும். சரிவின் பக்கம் இருப்பது மென்மையான இரும்பு. பக்கத்தை மாற்றத் தேய்த்தால் வெட்டும் எஃகையே தேய்த்து இழப்போம், உட்குழிவும் கெடும். ஆகவே இந்த வகையில் இடக்கைக்கென்றே செய்ததைத்தான் வாங்க வேண்டும். பலர் அதைத் தனி ஆணையின் பேரில் மட்டும் செய்வதால் விலையும் காத்திருக்கும் காலமும் கூடும். சமனற்ற இருபக்க வாயின் கதை வேறு. ஒவ்வொரு முறை தீட்டும்போதும் குறுகலான பக்கத்தைக் கூடுதலாகத் தேய்த்து வந்தால், சில சாணைகளில் வாய் நடுவுக்கு வந்து, பிறகு இடக்கைக்குச் சாதகமாகவும் திரும்பிவிடும். அவசரப்பட்டு ஒரே நாளில் செய்யத் தேவையில்லை.

பலரும் கவனிக்காத இன்னொரு கத்தி, ரொட்டி அறுக்கும் பல் கத்தி. அதன் பற்கள் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே கடையப்பட்டிருக்கும்; அந்தப் பக்கம் வலமாக இருந்தால் இடக்கையர் அறுக்கும் துண்டு கீழே மெலிந்து முடியும். இடப்பக்கம் கடைந்த பல் கத்திகள் கிடைக்கின்றன, இரு பக்கமும் கடைந்தவையும் உண்டு. இதற்காகக் கூடுதலாகக் கொடுக்கும் தொகை வீண் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். கைப்பிடியிலும் ஒரு சோதனை வேண்டும்: குறுக்குவெட்டில் ஒரு பக்கம் மட்டும் மேடு வைத்த கைப்பிடி வலது உள்ளங்கைக்குள் விரல் மடியும் இடத்தில் பொருந்தும், இடக்கையிலோ அந்த மேடு தவறான இடத்தில் உறுத்தும். எண்கோணமும் நீள்வட்டமும் இரு கைக்கும் ஒத்துவரும்.

தீட்டும் வழிகளில் எது

முதலில் தீட்டுக்கோலைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தை விலக்க வேண்டும். வரிகள் உள்ள எஃகுக் கோல் மடிந்த வாயை நிமிர்த்தித் தரும். தேய்ந்து உருண்டுபோன வாயைப் புதிதாக உருவாக்கித் தராது. மென்மையான எஃகுக் கத்திக்கு அது நாள்தோறும் உதவும் நண்பன். 60-க்கு மேற்பட்ட கடினமுள்ள கத்தியை அதில் இழுத்தால் வாய் தெறிக்கக்கூடும். அப்படிப்பட்ட கத்திக்கு மழமழப்பான பீங்கான் கோலை, அழுத்தமே இல்லாமல் பயன்படுத்தலாம்.

இரண்டு தகடுகள் சேரும் பிளவுக்குள் கத்தியை இழுக்கும் சிறு கருவிகள் மிகவும் விற்பனையாகின்றன, ஏனென்றால் அவை எந்தப் பழக்கமும் கேட்பதில்லை. அவற்றில் கடினமான கார்பைடு தகடு வைத்தவை உலோகத்தைச் சுரண்டி எடுத்து, வாயைக் கிழிந்த ஓரம் போல விட்டுவிடுகின்றன. கூர் வந்ததாகத் தோன்றும், வெகு விரைவில் போகும், ஒவ்வொரு தடவையும் அலகு குறையும். மேலும் அவற்றின் கோணம் ஒன்றே, இரு பக்கமும் சமம். சமனற்ற வாயையும் ஒருபக்க வாயையும் அவை கெடுத்துவிடும் என்பதால், தனியாகத் தேடி இடக்கைக் கத்தி வாங்கிய ஒருவர் அதை இந்தப் பிளவுக்குள் விடுவதைப் பார்க்கவே எனக்கு மனம் பொறுக்காது. மின்சாரத்தால் சுழலும் கருவிகளில் வேகம் ஒரு வசதி, சூடு ஒரு ஆபத்து. பல சமையல் கத்திகள் 150 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் பதப்படுத்தப்பட்டவை. தண்ணீர் இல்லாமல் சுழலும் கல்லில் மெல்லிய வாய் அந்தச் சூட்டை நொடியில் தாண்டி, பதம் போய்விடும். வெளியே சாணைக்குக் கொடுப்பவர்கள் தண்ணீர் ஓடும் கல்லில் தீட்டுகிறாரா என்று பார்த்துக் கொடுப்பது நல்லது. ஒருபக்க வாயாக இருந்தால் அதையும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

கோணத்தைப் பிடித்துத் தரும் தாங்கிகள், கைப்பழக்கம் வராதவருக்கு நேர்மையான இடைவழி. விலை அதிகம், பொருத்த நேரம் பிடிக்கும், நீண்ட கத்திகளுக்கு நடுவில் இடம் மாற்றிப் பிடிக்க வேண்டும். ஆனால் முதல் முறையிலேயே சீரான வாய் கிடைக்கும்.

தட்டையான தீட்டுக்கல்தான் என் தேர்வு. எல்லா வகை வாய்க்கும், எந்தக் கைக்கும் ஒத்துவருவது அது ஒன்றுதான். கல்லின் எண் கூடக் கூட அதன் துகள் நுண்மையாகும்; ஒரே கல்லை மட்டும் வாங்குவதானால், நனைத்துப் பயன்படுத்தும் 1000 எண் கொண்ட தண்ணீர்க் கல் போதும். அதன் துகள்கள் ஏறக்குறைய 11 முதல் 15 மைக்ரான் அளவுள்ளவை, மழுங்கிய வாயைத் திரும்பக் கொண்டுவரும் வேகமும் சமையலுக்குப் போதுமான நுண்மையும் அதில் இருக்கின்றன. மறுபக்கம் 3000 அல்லது 6000 இருக்கும் இரட்டைக் கல் கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் மென்மையான எஃகுக்கு 6000 வரை போவது வீண் வேலை. தக்காளித் தோலில் இறங்குவதற்கு வாயில் சற்றுச் சொரசொரப்பு இருப்பதே உதவும். வாய் தெறித்தால் 400 எண்ணுக்கு அருகிலுள்ள சொரக்கல் தேவைப்படும், அதைத் தேவை வரும்போது வாங்கலாம். வைரத் தகடு தேயாது, குழியாது, விரைவாக வேலை செய்யும். ஆனால் கல்லில் இழையும் அந்த மென்மையான உணர்வை அது தராததால், கோணம் தவறுவதைக் கை உணர்வது கடினம்.

கோணத்தைப் பற்றிய பயம்தான் பலரைக் கல்லிலிருந்து விலக்குகிறது. அதற்கு ஒரு சிறு கணக்கு போதும். முதுகிலிருந்து வாய்வரை 45 மி.மீ. அகலமுள்ள கத்தியை 15 டிகிரியில் பிடிக்க, முதுகு கல்லிலிருந்து ஏறக்குறைய 12 மி.மீ. உயர்ந்திருக்க வேண்டும், 20 டிகிரிக்கு ஏறக்குறைய 15 மி.மீ. அந்த உயரத்துக்கு அட்டைகளை அடுக்கி, முதுகை ஒரு முறை அதன் மேல் வைத்துப் பார்த்துக் கையில் பதிய வைத்துக்கொண்டு எடுத்துவிடலாம். வாயின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் கோடு இழுத்துவிட்டு நான்கு தடவை தேய்த்துப் பார்த்தால், மை எங்கே அழிந்திருக்கிறது என்பது கல் எங்கே படுகிறது என்பதைக் காட்டிக் கொடுக்கும்: மேலே மட்டும் அழிந்தால் முதுகை உயர்த்த வேண்டும், வாயின் நுனி மட்டும் அழிந்தால் தாழ்த்த வேண்டும். ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே போனால் மறுபக்கத்தில் அடி முதல் நுனிவரை விரலில் தட்டுப்படும் மெல்லிய பிசிறு எழும். வாய்க்குக் குறுக்கே, அதாவது முதுகிலிருந்து வெளிப்பக்கமாக மட்டுமே விரலை நகர்த்தி அதைச் சோதிக்க வேண்டும். பிசிறு எழாத வரை பக்கம் மாற்றக் கூடாது. பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில்தான். இரு பக்கமும் பிசிறு எழுந்த பிறகு, அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து மாற்றி மாற்றித் தேய்த்து அதை நீக்கினால் வாய் நிற்கும். பிசிறு நீங்காத வாய் தாளை வெட்டும், மறுநாள் வெங்காயத்தில் வழுக்கும்.

விளக்கப் படங்கள் எல்லாம் வலக்கையருக்காக வரையப்பட்டவை என்பதால், இடக்கையர் அவற்றைக் கண்ணாடியில் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு கைகளை மாற்றிக்கொள்ள வேண்டும்: கைப்பிடியை இடக்கை பிடித்துக் கோணத்தைக் காக்க, வலக்கை விரல்கள் வாயின் மேல் அழுத்தம் தரும். ஒருபக்க வாயில் சரிவு முழுவதையும் கல்லில் படிய வைத்துத் தேய்த்து, தட்டையான முகத்தைக் கல்லோடு கல்லாகக் கிடத்திப் பிசிறை நீக்க மட்டும் சில இழுப்புகள் இழுக்க வேண்டும். அந்த முகத்தை ஒரு டிகிரி தூக்கினாலும் கத்தியின் அடிப்படையே கெடும். கல்லும் நடுவில் குழியும். அதன் மேல் பென்சிலால் கட்டங்கள் வரைந்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டிய உப்புத்தாளிலோ வைரத் தகட்டிலோ கோடுகள் எல்லாம் மறையும் வரை தேய்த்துச் சமன்செய்தால்தான் அடுத்த சாணை நேராக வரும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், கல்லைத் தொடப் போவதில்லை என்று அறிந்தவர் 56 அளவு கடினமுள்ள துருப்பிடிக்காத கத்தி, ஒரு தீட்டுக்கோல், அவ்வப்போது வெளிச்சாணை என்று அமைத்துக்கொள்வது நல்லது. அந்த அமைப்பில் தாழ்வு ஒன்றுமில்லை. மாதம் அரை மணி நேரம் ஒதுக்க முடிந்தவர் 60-ஐ ஒட்டிய கடினமுள்ள, மெலிந்த, இருபக்கச் சமவாய்க் கத்தியோடு 1000 எண் கல்லை வாங்கலாம். இடக்கையருக்கும் இதே இரண்டு வழிகள்தாம், கைப்பிடியையும் பல் கத்தியையும் மட்டும் மேலே சொன்னபடி பார்த்துக்கொண்டால் போதும். ஒருபக்க வாய்க் கத்தியின் மீது ஆசை வைத்த இடக்கையர் முதலில் சமவாய்க் கத்தியில் ஓராண்டு கல்லில் பழகட்டும்; பிறகு இடக்கைக்கெனச் செய்ததற்குச் சொல்லிவைத்துக் காத்திருக்கட்டும். காத்திருக்கும் காலத்தில், ‘இதுவும் பழகிவிடும்’ என்று யாராவது வலக்கைக் கத்தியை நீட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டாம்.